ஒண்டும் நடக்காது தம்பி

நான் ரொறன்ரோவுக்கு வந்து மூன்றாம் மாதம் வேலைக்குப் போனேன். 1990களின் நடுப்பகுதி. அகதி வழக்கு முடியவில்லை. வருவதற்கு வாங்கின கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் ஒரு ஏஜென்சிக்காரர் விடிய ஐந்து மணிக்கு எங்களை வானில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையின் பின்கதவடியில் இறக்கிவிடுவார். அந்தக் கொம்பனியின் பெயர்கூட முதல் கிழமை எனக்குத் தெரியாது.

அங்கே அச்சில் வார்க்கும் மெசின் ஒன்று. அதற்கு ஒரு பாதுகாப்புக் கதவு. கதவு மூடியிருந்தால்தான் மெசின் ஓடவேண்டும். ஆனால் கதவின் சுவிச்சை யாரோ ரேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் மெசின் ஓடும். திறந்து மூடுகிற நேரம் மிச்சம், இன்னும் நாலு பெட்டி நிரம்பும். பக்கத்தில் நின்ற எங்கட ஊர் அண்ணை ஒருவரிடம் கேட்டேன்.

"ஒண்டும் நடக்காது தம்பி. கையைக் கெதியா எடு, அவ்வளவுதான். கேள்வி கேட்டால் நாளைக்கு உனக்கு வானிலை இடமிருக்காது."

இரண்டு மாதம் கழித்து அந்த அண்ணைக்கு இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன சூப்பர்வைசர், வீட்டில் நடந்ததாகச் சொல்லச் சொன்னாராம். அண்ணையும் அப்படியே சொன்னார். வேலைக்காயத்துக்கு வரவேண்டிய நட்டஈடு ஒரு சதமும் வரவில்லை. அடுத்தநாள் நாங்கள் போனபோது நிலம் கழுவித் துடைத்திருந்தது. ரேப் அப்படியே இருந்தது. அதை நான் பார்த்தேன். நானும் வாய் திறக்கவில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என்னுடைய மருமகன் ஒரு பெரிய களஞ்சியத்தில் சூப்பர்வைசராக இருக்கிறான். இங்கே பிறந்த பிள்ளை. அண்மையில் வீட்டுக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னான், தங்களுடைய இடத்தில் இருநூறு நாளாக விபத்தே இல்லையாம். வாசலில் பலகை போட்டு நாளை எண்ணுகிறார்களாம். ஒரு வருசம் நிரம்பினால் எல்லோருக்கும் பரிசாம்.

"சின்ன வெட்டுக்காயம், வழுக்கி விழப் பார்த்தது, அப்படி ஏதும் எழுதி வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை மாமா."

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நூறு பேர் பாரம் தூக்குகிற இடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லையென்றால், காயம் இல்லை என்று அர்த்தமில்லை. சொல்ல ஆளில்லை என்றுதான் அர்த்தம். தன்னால் எல்லோருடைய பரிசும் போகும் என்று தெரிந்தால் கையை வெட்டிக்கொண்டவன் பொக்கற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

இந்த நகரத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவனுக்குச் சொன்னேன். 2009 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல்நாள். கிப்ளிங் அவெனியூவில் ஒரு அடுக்குமாடியின் பல்கனிகளைத் திருத்துகிற வேலை. வேலை முடிந்து கீழே வருவதற்காக ஆறு பேர் தொங்குமேடையில் ஏறினார்கள். ஆறு பேருக்கு இருந்தது இரண்டு உயிர்காப்புக் கயிறு. பதின்மூன்றாம் மாடியில் மேடை நடுவால் பிளந்தது. ஒழுங்காகக் கயிறு பூட்டியிருந்தவர் தப்பினார். நாலு பேர் செத்தார்கள், ஒருவர் படுகாயம். எல்லாம் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஆட்கள்.

வழக்கில் வெளிவந்த ஒரு விசயம்தான் என்னை உலுக்கியது. திட்ட மேலாளர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். கயிறுகள் எங்கே என்று கேட்டும் இருக்கிறார். கவலைப்பட வேண்டாம் என்ற மாதிரித்தான் மறுமொழி வந்தது. அவர் வேலையை நிற்பாட்டவில்லை. மறுமொழி சொன்ன சூப்பர்வைசரும் செத்தவர்களில் ஒருவர். எங்கட அண்ணை சொன்ன அதே "ஒண்டும் நடக்காது தம்பி"தான், வேறு பாசையில்.

மேலாளருக்கு 2016இல் மூன்றரை வருச சிறை. மெட்ரோன் கொம்பனிக்கு முதலில் இரண்டு லட்சம் டொலர் தண்டம், 2013இல் மேல்நீதிமன்றம் அதை ஏழரை லட்சமாக்கியது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அரசாங்கம் நிபுணர் குழு போட்டது. 2014 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் எல்லாத் தொழிலாளருக்கும் சூப்பர்வைசர்களுக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம்.

எங்களுக்கு முதல் இத்தாலியர்கள் இதே வழியால் போனவர்கள். 1960 மார்ச் 17, ஹொக்ஸ் ஹொலோவில் தண்ணீர்க் குழாய்க்குச் சுரங்கம் தோண்டும்போது தீப்பிடித்து ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் செத்தார்கள். யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அவர்களுக்காக ஒரு பெரிய துணிச் சித்திரம் தொங்குகிறது. அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.

சட்டம் இல்லை என்று ஒருவரும் சொல்லமுடியாது. 1979இலிருந்து ஒன்ராறியோத் தொழிலாளிக்கு மூன்று உரிமை எழுத்தில் இருக்கிறது: ஆபத்தை அறியும் உரிமை, பாதுகாப்பு விசயத்தில் பங்கெடுக்கும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. மறுத்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்றும் இருக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழு வேண்டும், அதில் பாதிப்பேராவது சாதாரண தொழிலாளராக இருக்கவேண்டும். எல்லாம் சுவரில் ஒட்டியும் இருக்கும். ஆனால் ஏஜென்சியிலிருந்து நேற்று வந்த பிள்ளைக்குச் சுவரொட்டி தைரியம் தராது. முதலாவதாக வாய் திறந்தவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் அவள் பார்ப்பாள். அவனுக்கு அடுத்த கிழமை வேலை இருந்ததா, இல்லையா? ஒரு கொம்பனியின் பாதுகாப்புக் கலாசாரம் என்பது என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்விதான்.

அதைக் கட்டியெழுப்பப் பெரிய செலவும் தேவையில்லை. மெசினை நிற்பாட்டியவனிடம் முதலில் "நல்லது செய்தாய்" என்று சொல்லவேண்டும். மணித்தியாலக் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம். சொல்லப்பட்ட குறையில் ஒன்றையாவது அன்றைக்கே திருத்திக் காட்டவேண்டும். நாளை எண்ணுகிற பலகைக்குப் பதிலாக, எத்தனை குறை சொல்லப்பட்டது, எத்தனை திருத்தப்பட்டது என்று எழுதவேண்டும். முதலாளியே கண்ணாடி போடாமல் உள்ளே நடந்தால் எந்தப் பயிற்சியும் வீண்.

எங்கட ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு வானில் போனவர்களில் பலர் இன்றைக்கு முதலாளிகள், சூப்பர்வைசர்கள். எங்கட கடைகளிலும் சமையலறைகளிலும் கூரை வேலைகளிலும் இப்போது புதிதாக வந்த மாணவர்களும் அகதிகளும் நிற்கிறார்கள். "நாங்கள் இதைவிடக் கஷ்டப்பட்டனாங்கள்" என்று அவர்களுக்குச் சொல்லாதீர்கள். நாங்கள் பட்டது பயிற்சி இல்லை, அநியாயம்.

போன கிழமை மருமகன் ரெலிபோன் எடுத்தான். ஏஜென்சியால் வந்த ஒரு பிள்ளை கை வெட்டினதைத் தானாகவே வந்து சொல்லியிருக்கிறாள்.

"பலகையைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேணும் மாமா," என்றான். குரலில் கவலை.

"பலகை கிடக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னனியோ?" என்று கேட்டேன்.