ஒரு ‘கேன்’, நாலு கேள்வி

சிங்கப்பூர்ப் பேச்சைப் பற்றி எழுதும் நம்மாட்களுக்கு ‘கேன்’ மேல் தனிக் காதல். கேன் லா, கேன் மே, கேன் ஹோர், கேன் கேன் என்று ஒரே சொல்லை ஏழெட்டு ராகத்தில் சொல்லிக்காட்டி, எவ்வளவு சிக்கனம் பாருங்கள் என்பார்கள். கதையில் உள்ளூர் வாசனை வேண்டுமா, பாத்திரத்தின் வாயில் ஒரு ‘கேன் லா’ போட்டால் ஆச்சு.

எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் ‘தாபாவ் கேன்?’ என்றால் ‘கேன்’ என்று பதில் வரும், வேலை முடிந்தது. மலாயின் ‘போலே’ மாதிரி வாக்கியக் கடைசியில் வந்து உட்காரும். வினையைக் கடைசியில் வைத்தே பழகிய தமிழ் நாக்குக்கு அதில் சிரமமே இல்லை. (சென்னையிலிருந்து புதிதாக வந்தவருக்கு மட்டும் கேன் என்றால் 20 லிட்டர் தண்ணீர்.) 2000இல் கோ சோக் டோங் தொடங்கிவைத்த நல்ல ஆங்கில இயக்கத்தின் கட்சியில் நான் இல்லை. தனித்தமிழ்க் கட்சியிலும் இல்லை.

என் சண்டை கட்டுமானத் தளத்தில் கேட்கும் ‘கேன்’ பற்றியது.

அங்கே தமிழ் எஞ்சினியர் தமிழ் ஊழியரிடம், ‘திஸ் ஒன் டுடே ஃபினிஷ், கேன்?’ என்கிறார். புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர் ‘கேன் சார்’ என்கிறார். இரண்டு பேருக்கும் வீட்டில் பேசுவது ஒரே மொழி!

என்ன கேட்டார் இவர்? ‘செய்யத் தெரியுமா?’ என்றால் அது பயிற்சியைப் பற்றியது. ‘உங்களால முடியுமா?’ என்றால் உடம்பைப் பற்றியது. ராத்திரி ஓவர்டைம் பார்த்தவர் ‘முடியாது சார்’ என்று சொல்ல அதில் ஒரு கதவு இருக்கிறது. ‘ஏறலாமா?’ என்றால் அனுமதி. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய அபாயமுள்ள வேலைக்கு இங்கே சட்டப்படி பெர்மிட் வேண்டும், அது வந்தாச்சா என்று அர்த்தம். ‘சாயங்காலத்துக்குள்ள ஆகுமா?’ என்றால் வேலையின் அளவு. இந்த நாலையும் ஒரே ‘கேன்’ விழுங்கிவிடுகிறது. பதிலுக்கு வரும் ‘கேன் சார்’ பாதி நேரம் ‘நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு’ என்பதுதான். ஆனால் அலுவலகத்தில் அது ‘ஒத்துக்கொண்டார்’ என்று பதிவாகும்.

தமிழ் மட்டும் துல்லியத்தின் திருவுருவம் என்று சொல்லவில்லை. ‘லாம்’ ஒன்றே அனுமதி, யோசனை, சந்தேகம் மூன்றையும் சுமக்கிறது.

தளத்தில் பங்களாதேஷ்காரர், சீனர், மியன்மார்க்காரர் எல்லாரும் இருக்கிறார்களே, பொதுச்சொல் வேண்டாமா என்பார்கள். எல்லாரும் நிற்கும்போது வேண்டும். தமிழர் இருவர் மட்டும் நிற்கும்போது எதற்கு? எனக்குத் தெரிந்து காரணம் ஒன்றுதான். தமிழில் கேட்டால் ‘நீ’யா ‘நீங்க’ளா என்று முடிவெடுக்க வேண்டும். எதிரே நிற்பவருக்கு வயது 45, கேட்பவருக்கு 27. ‘நீங்க’ என்றால் அடுத்து ‘அண்ணே’ வந்துவிடும், அண்ணனை இன்னும் ரெண்டு மணி நேரம் இழுக்கக் கூச்சமாக இருக்கும். ‘கேன்?’ அந்தக் கூச்சத்திலிருந்து தப்ப வைக்கிறது. சிக்கனம் என்று நாம் கொண்டாடுவதில் இதுவும் சேர்த்தி.

எழுத்தாளர்களும் இதை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். நம் கதைகளில் வெளிநாட்டு ஊழியர் ‘கேன் சார்’ சொல்லிவிட்டு மேலே ஏறுகிறார். அவரிடம் கேட்கப்பட்டது எந்தக் கேள்வி என்று யாரும் எழுதுவதில்லை.

போன மாதம் ஒருவரிடம், ‘அண்ணே, தோள்பட்டை வலி எப்படி இருக்கு, இன்னைக்கு முடியுமா?’ என்று கேட்டேன். பதில் சொல்ல அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. தோள்பட்டையைப் பற்றி அரை நிமிடம். மீதி முழுக்க, இரண்டாம் மாடிச் சாரத்தில் ஆடுகிற பலகையைப் பற்றி.