ஒரே கரையில் இறங்கியவர்கள்

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இன்று நின்றால் கடல் தெரியாது. காப்பிக் கடைகளும் உயரமான அலுவலகக் கட்டடங்களும்தான் தெரியும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும் வரை, அந்தச் சாலையே கடற்கரை. பாய்மரக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் அங்கேயே நன்றி சொன்னார்கள், உயிரோடு கரை சேர்த்ததற்காக.

தியான் ஹொக் கெங் கோயில் அந்த நன்றியில் பிறந்தது. சீனாவின் புஜியான் மாநிலத்திலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள், கடலோடிகளைக் காக்கும் மாசூ அம்மனுக்கு முதலில் சிறிய வழிபாட்டிடம் ஒன்றை அமைத்தார்கள். 1839ல் பெரிய கோயிலாக எழுப்பத் தொடங்கி 1842ல் முடித்தார்கள். பெரும் நன்கொடை கொடுத்தவர் டான் டோக் செங். ஆமாம், நாம் மருத்துவமனைப் பெயராக மட்டுமே அறிந்த அதே மனிதர்தான்! அம்மன் சிலை 1840ல் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1973ல் கோயில் தேசிய நினைவுச்சின்னமானது.

அதே வரிசையில் கொஞ்சம் நடந்தால் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. நாகூர் ஆண்டவரும் கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பவர் என்பதுதான் நம் மாலுமிகளின் நம்பிக்கை. மறுபக்கம் போனால் அல்-அப்ரார் பள்ளிவாசல். ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் நம்மவர் வைத்த பெயர், குச்சுப்பள்ளி.

மொழி வேறு, மதம் வேறு. கடலைப் பார்த்த பயம் மட்டும் ஒன்று.

இன்று நாலு மணி நேரத்தில் விமானம் சென்னையில் இறக்கிவிடுகிறது. அந்தப் பயம் போய்விட்டது, நல்லதுதான். பக்கத்து வாசலை எட்டிப் பார்க்கும் பழக்கமும் கூடவே போக வேண்டுமா? ஜூலை 21, இன நல்லிணக்க நாளில் பிள்ளைகளுக்குச் சீன உடை மாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறோம். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சீனக் கோயில் வாசற்படியைத் தாண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த முறை அமோய் ஸ்திரீட் உணவங்காடிக்குச் சாப்பிடப் போனால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை. வாசற்படி உயரமானது, குனிந்து பார்த்துத்தான் தாண்ட வேண்டும். உள்ளே ஆணி அடிக்காமல் கோத்த மர வேலைப்பாட்டைக் காட்டுங்கள். வெளியே வந்து கடல் இருந்த திசையையும் காட்டுங்கள். சீன நண்பனின் கொள்ளுத்தாத்தாவும் நம் கொள்ளுத்தாத்தாவும் ஒரே கரையில் இறங்கியிருக்கலாம் என்று சொல்லுங்கள். மற்றதைப் பிள்ளைகளே கேட்பார்கள்.