மாட்டுக் காய்ச்சலைத் துப்பாக்கி சொல்லுமா?

கேள்வி: கறவை மாடு தீவனம் எடுக்காமல் நின்றது. மகன் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி தெர்மாமீட்டரை முதுகில் காட்டினோம். 34 என்று வந்தது. காய்ச்சல் இல்லை என்று விட்டுவிட்டோம். மறுநாள் மாலை மாடு படுத்துவிட்டது. டாக்டர் வந்து ஆசனவாயில் வைத்துப் பார்த்தபோது 105 டிகிரி. மாடு இப்போது தேறி வருகிறது, பால்தான் பாதியாகிவிட்டது. எங்கள் கருவி பழுதா?
- போளூர் வட்டார வாசகர்

பதில்: மாடு தேறி வருவது நல்ல செய்தி. கருவி பழுதாக இருக்க வேண்டியதில்லை ஐயா. முதுகுத் தோலும் முடியும் எவ்வளவு சூடு என்று கேட்டீர்கள், 34 டிகிரி செல்சியஸ் என்று அது சொன்னது. டாக்டர் பார்த்தது உடம்புக்குள் இருக்கும் சூட்டை, அதுவும் பாரன்ஹீட் கணக்கில். 105 பாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 40.6 செல்சியஸ்.

இந்தக் கருவி பொருளுக்குள் புகுந்து பார்ப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி எண்ணாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மாட்டின் முதுகில் காற்று பட்டால், தண்ணீர் தெளித்திருந்தால் எண் குறையும். கறுப்பு மாடு வெயிலில் நின்றிருந்தால் காய்ச்சலே இல்லாமல் எண் எகிறும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காய்ச்சல் ஏறும் நேரத்தில் உடம்பு சூட்டை உள்ளே காக்கப் பார்க்கும். தோலுக்கு வரும் இரத்தம் குறையும். காது சில்லிட்டிருக்கும், மாடு நடுங்கும். உள்ளே கொதிக்க, வெளியே குளிர்ந்திருக்கும் அந்த நேரத்தில் துப்பாக்கியை நம்பினால் ஏமாந்துதான் போவோம். கொரோனா காலத்தில் நம் நெற்றியில் காட்டினார்களே என்று கேட்கலாம். அது மனித நெற்றிக்கென்றே கணக்குப் போட்டுச் செய்தது. அதையும் மாட்டுக்குக் காட்டிப் பயனில்லை.

மாட்டுக்கு ஆசனவாய் தெர்மாமீட்டர்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், உடைந்தால் பாதரசம் சிந்தும் பயமில்லை. அதன் முனையில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். மாட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடுப்போரம் நின்று, வாலைத் தூக்கி, இரண்டு அங்குலம் நுழைத்து, சாணத்துக்குள் செருகாமல் பக்கச் சுவரைத் தொடும்படி சாய்த்துப் பிடியுங்கள். 'பீப்' சத்தம் வரும்வரை எடுக்காதீர்கள். வளர்ந்த மாட்டுக்கு 101.5 பாரன்ஹீட் சாதாரணம். வெயில் நேரத்தில் ஓரிரு புள்ளி கூடும், கன்றுக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கும். நிழலில் நிற்கும் மாட்டுக்கு 103-ஐத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். எண் சரியாகவே இருந்தாலும், அசை போடாமல் ஒரு வேளை தீவனம் மறுத்தாலே 1962-க்குப் பேசுங்கள். தீவனம் மறுப்பது எந்தக் கருவிக்கும் முந்திய அறிகுறி.

அப்படியானால் துப்பாக்கியைத் தூக்கிப் போடுவதா? வேண்டாம். பம்ப்செட் மோட்டாருக்கு அது நல்ல துணை. மோட்டார் அரை மணி ஓடிய பிறகு, பேரிங் இருக்கும் இடத்தில், தினமும் ஒரே தூரத்திலிருந்து பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். வழக்கமாக 55 காட்டிய இடம் ஒருநாள் 75 காட்டினால், கிரீஸ் தீர்ந்ததா, பேரிங் போனதா என்று சத்தம் வருவதற்கு முன்பே பார்க்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியை மட்டும் இதற்காகத் திறக்காதீர்கள், அது எலக்ட்ரீஷியன் வேலை. சுழலும் பெல்ட் பக்கம் வேட்டி, துண்டோடு குனிவதும் வேண்டாம். தள்ளி நின்று பார்க்கத்தானே இந்தக் கருவி.

தள்ளி நிற்பதற்கும் கணக்கு உண்டு. கருவியில் 12:1 என்று போட்டிருந்தால், 12 அங்குலத் தூரத்தில் ஓர் அங்குல வட்டத்தைப் பார்க்கும். ஆறடி தள்ளினால் ஆறு அங்குல வட்டம். பேரிங்கோடு பின்னால் உள்ள சுவரையும் சேர்த்துச் சராசரி சொல்லிவிடும். சிவப்புப் புள்ளி சூட்டை அளப்பதில்லை, எங்கே பார்க்கிறோம் என்று காட்டுவதற்கு மட்டுமே. ஆனால் அது லேசர். குழந்தைகள் விளையாட எடுத்துத் தரவே கூடாது. மாட்டின் கண்ணிலும் படக்கூடாது, பளபளக்கும் பாத்திரத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கும் வரலாம்.

பளபளப்பு வேறு விதத்திலும் ஏமாற்றும். சில ஆண்டுகளுக்கு முன் மகளிர் குழுவுக்குப் பால்கோவா பயிற்சி. புது அலுமினிய அண்டாவின் வெளிப்புறத்தில் காட்டினேன், நாற்பதுக்குச் சற்று மேல். "பார்த்தீர்களா, இன்னும் சூடேறவில்லை" என்று விரலை வைத்தேன். இரண்டு நாள் கொப்புளம். அந்த அம்மாக்கள் இன்றும் என்னைப் பார்த்தால் அதைத்தான் விசாரிப்பார்கள். மெருகேறிய அலுமினியம், எவர்சில்வர் தன் கதிரைக் குறைவாக விடும், சுற்றியுள்ளதைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். பெயின்ட் அடித்த இரும்பு, மண், மரம், இலை, தண்ணீர் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி வழியாகவோ ஆவி வழியாகவோ பார்த்தாலும் எண் தவறும். எரு குவியல், வைக்கோல் போரின் உள்சூடும் இதற்குத் தெரியாது.

கருவி சரிதானா என்று பார்க்க, அகலமான பிளாஸ்டிக் கிண்ணத்தில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஓரம் படாமல் நடுவில் காட்டினால் பூஜ்யம் செல்சியஸ் வர வேண்டும், இரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம். வெயிலில் நின்ற வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பார்க்காதீர்கள், இருபது நிமிடம் நிழலில் வைத்த பிறகு பாருங்கள்.

கேள்வி: நாட்டுக்கோழிக் குஞ்சுக் கூண்டில் இதைப் பயன்படுத்தலாமா?
- நாமக்கல் வாசகி

பதில்: தாராளமாக. பல்புக்கு அடியில், குஞ்சு நிற்கும் உமிப் பரப்பில் காட்டுங்கள். முதல் வாரம் 95 பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். எண் சரியாக இருந்தும் குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, வாய் திறந்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். அங்கே குஞ்சு சொல்வதைக் கேட்டு பல்பை ஏற்றி இறக்குங்கள்.