பதினெட்டு வயது மூப்பர்கள்

பதினெட்டு வயது நிரம்பிய ஓர் இளைஞனை ‘மூப்பர்’ என்று அழைத்து, வெள்ளைச் சட்டையும் டையும் அணிவித்து, மார்பில் கறுப்புப் பெயர் வில்லை ஒன்றைக் குத்தி, முன்பின் அறியாத நாடொன்றுக்கு அனுப்பி வைக்கிறது ஒரு சபை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையே அது. இவ்விளைஞர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவரில் இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார் எள்ளி நகையாடுவர். மற்றொரு சாரார் பெருமூச்சு விடுவர். நம் சமுதாயத்திலும் இப்படியோர் இளைஞர் படை இருந்திருந்தால் தீன் எங்கெல்லாம் பரவியிருக்கும் என்பர். எள்ளுவோருக்கு மறுமொழி தேவையில்லை. ஏங்குவோரோடுதான் நாம் வழக்காட வேண்டியுள்ளது. ஏனெனில், அவ்வேக்கத்தில் நன்மையும் உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தீங்காய் முடியக்கூடியதும் உண்டு.

1830ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பார் தோற்றுவித்த சபை இது. அவர் 1844இல் கொல்லப்பட்ட பின், பிரிகாம் யங் தலைமையில் அச்சபையினர் மேற்கே பெயர்ந்து 1847இல் யூட்டாவில் குடியேறினர். இறுதி நபித்துவத்தில் ஈமான் கொண்ட நமக்கு அவர்தம் கொள்கை ஏற்புடையதன்று. அதனை ஆராய்வது இங்கு நம் நோக்கமும் அன்று. அச்சபை தன் இளைஞரை எவ்வாறு நடத்துகிறது என்பதே நம் கேள்வி.

இளைஞர்கள் இரண்டாண்டும், இளம்பெண்கள் பதினெட்டு மாதமும் பணிபுரிகின்றனர். ஆண்களுக்குப் பத்தொன்பதாக இருந்த வயது வரம்பு 2012இல் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் 70,000க்கும் மேற்பட்டோர் இப்பணியில் உள்ளனர். எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, தலைமையே குறித்தனுப்புகிறது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்க இளைஞனாயின் அவனோ அவன் குடும்பத்தாரோ மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். 2020 முதல் அத்தொகை 500 டாலர். இரண்டாண்டுக்குக் கணக்கிட்டால் 12,000 டாலர்.

ஜப்பானுக்கு அனுப்பப்பட்ட ஒருவனின் நாளைப் பார்ப்போம். காலை ஆறரை மணிக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சிற்றுண்டி. பின்னர் வேதநூற் படிப்பு. முதலில் தனியாக, அடுத்துத் தோழனோடு. அதன்பின் ஜப்பானிய மொழிப் பாடம். அது முடிந்ததும் இருவரும் சைக்கிளில் ஏறித் தெருவுக்கு வருவர். மழையாயினும் வெயிலாயினும் அதே வெள்ளைச் சட்டைதான். அழைப்பு மணியை அழுத்தினால் பல வீடுகளில் கதவு திறப்பதில்லை. ‘கெக்கோ தெஸு’ என்று, வேண்டாம் எனும் பணிவான மறுப்பு மட்டுமே ஒலிபெருக்கி வழியே வரும். சில மாலைகளில் இலவச ஆங்கில வகுப்பு நடத்துவர். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அறை திரும்பி, மறுநாளைக்குத் திட்டம் தீட்டி, பத்தரை மணிக்கு விளக்கணைப்பர். 2017இல் இக்கால அட்டவணை சற்றே தளர்த்தப்பட்டது. இப்போது வாசல் தட்டுவது குறைந்து, சமூக ஊடகங்களின் வழியே ஆள் தேடுவது மிகுந்துள்ளது. ஆயினும் கட்டுக்கோப்பு மாறவில்லை.

வாரத்தில் ஒரு நாள், துணி துவைக்கவும் முடி வெட்டவும் கடைக்குச் செல்லவும் ஓய்வு. காதலுக்கும் திரைப்படத்துக்கும் இடமில்லை. 2019 வரை பெற்றோரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டு முறையே அனுமதி இருந்தது. அவ்வாண்டு முதல் வாரம் ஒருமுறை பேசலாம் என்றாயிற்று. எல்லாவற்றினும் முக்கியமானது, தோழனை விட்டுத் தனித்திருக்கக் கூடாது என்னும் விதி. உண்பதும் உறங்குவதும் உலவுவதும் அவனோடுதான். அத்தோழனையும் தலைவரே அமர்த்துவார். சில வாரங்களிலோ மாதங்களிலோ மாற்றியும் விடுவார்.

இவற்றுள் பாராட்டுக்குரியதைப் பாராட்டாமல் விடுவது நீதியன்று. தம் கைப்பொருளைச் செலவிட்டுச் செல்கின்றனர். பிறரிடம் வசூலித்து விமானம் ஏறுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். செல்லும் நாட்டின் மொழியைக் கற்கின்றனர். யூட்டாவின் புரோவோ நகரிலுள்ள பயிற்சி நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பயிற்றப்படுகின்றன. 1901இல் ஜப்பானுக்குச் சென்ற முதல் நால்வருள் ஒருவரான அல்மா டெய்லருக்கு அப்போது வயது பத்தொன்பது. அந்நாட்டு மொழியில் ஓரெழுத்தும் அறியார். 1909இல் அவருடைய மொழிபெயர்ப்பில் மார்மன் வேதநூல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. வளைகுடாவில் இருபது முப்பது ஆண்டு வாழ்ந்தும், கடைத்தெருவுக்கு வேண்டிய நாலு சொல்லன்றி அரபு அறியாமல் திரும்பும் நம்மவர் எத்தனை பேர்! குர்ஆன் இறங்கிய மொழி வழங்கும் மண்ணில் வாழ்ந்து, அதனைக் கற்க நேரமில்லை என்போர், பிறர் மொழியைக் கற்று மார்க்கம் உரைப்பது எங்ஙனம்?

இதுவரை ஏங்குவோர் பக்கம் நாமும் நிற்கிறோம். இனி விலகுகிறோம்.

இப்படை எதனைச் சாதித்தது என்று கேட்போம். 1901இல் தொடங்கிய ஜப்பானியப் பணி 1924இல் மூடப்பட்டது. அந்த இருபத்து மூன்று ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 166 பேர். 1948இல் மீண்டும் திறந்தனர். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோக்கியோவின் தென்பகுதியில் திடீரென எண்ணிக்கை பெருகிற்று. பாடங்களைச் சுருக்கி, சந்தித்த சூட்டோடு இளைஞர்களுக்கு ஞானஸ்நானம் அளித்தனர். வந்தவரில் மிகப் பலர் வந்த வேகத்திலேயே மறைந்தனர். அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் இதனினும் வேதனையான ஒன்று நடந்தது. பேஸ்பால் ஆட்டத்தைக் காட்டிச் சிறுவர்களைத் திரட்டி, ஞானஸ்நானத்தை ஆட்டக் குழுவில் சேரும் சடங்கு போல் ஆக்கினர். தாம் எதில் சேர்ந்தோம் என்பதையே அச்சிறுவர் பலர் அறியார். பின்னர் அச்சபையே தன் ஏடுகளிலிருந்து பெயர்களை நீக்க நேர்ந்தது.

இவை சிலரின் பிழை என்று ஒதுக்கிவிடலாமா? இயலாது. வாரந்தோறும் எத்தனை பேரைச் சந்தித்தாய், எத்தனை பேருக்குப் பாடம் சொன்னாய், எத்தனை பேர் நாள் குறித்தனர் என்று ஓர் இளைஞனிடம் கணக்குக் கேட்டால், அவன் கண்ணுக்கு மனிதர் மறைந்து எண்களே தெரியத் தொடங்கும். கணக்கு வாங்குகிறவர் நல்லவராயினும் இதுவே நேரும். ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்பது நம் நம்பிக்கை. தூதருக்கே எடுத்துரைப்பதன்றி வேறு பொறுப்பில்லை என்று திருமறை அறிவிக்கும்போது, அதனை ஏட்டில் கூட்டிக் கழித்துப் பார்க்க நாம் யார்?

அப்படியாயின் பெரும்பாலும் பயன் தராத இப்பணியை அச்சபை ஏன் விடாது நடத்துகிறது? விடை வீட்டுக்காரரிடம் இல்லை, தட்டுகிறவனிடம் உள்ளது. இரண்டாண்டு நாள்தோறும் ‘இது உண்மை என்று நான் அறிவேன்’ எனப் பிறரிடம் சாட்சி சொல்லும் இளைஞனுக்கு, அது உண்மையா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் நேரம் வாய்ப்பதில்லை. தனிமையில் அவன் இருந்தாலல்லவா அக்கேள்வி எழும்? ஆயிரம் வீட்டு மறுப்பும் அவனை அசைப்பதில்லை. மாறாக, மறுக்கும் உலகம் ஒருபுறமும் தானும் தோழனும் மறுபுறமுமாக நின்று இறுகிப் போகிறான். மதம் மாறுகிறவர் சிலர். கட்டுண்டு திரும்புகிறவர் அனுப்பப்பட்ட இளைஞர்களே.

கட்டுறாமல் போனவன் நிலை என்ன? உடல் நலிந்தோ மனம் தளர்ந்தோ காலத்துக்கு முன் வீடு திரும்புகிறவன், ஊரார் முகத்தில் விழிக்கக் கூசுகிறான். அவனை நிந்திக்கக் கூடாது என்று அச்சபையின் பெரியவர்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், நிந்தனை இருக்கிறது என்றுதானே பொருள்? சட்டத்தால் அவனை எவரும் அனுப்பவில்லை என்பது மெய்தான். ஆனால், மூத்தோரெல்லாம் சென்று வந்த ஊரில், பெண் வீட்டார் முதற்கேள்வியாக அதனையே கேட்கும் சூழலில், பதினெட்டு வயதுப் பிள்ளை ‘நான் போகவில்லை’ என்று சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்பது பிறரை அழைப்பதற்கு மட்டும் உரிய விதியன்று. நம் வீட்டுப் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

இங்கு ஒரு மறுப்பு எழும். இஸ்லாம் இளைஞரை அனுப்பவில்லையா? யத்ரிபு நகருக்கு முதல் ஆசிரியராக முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பவில்லையா? அனுப்பினார்கள். ஆனால் அந்த இளைஞர் யார் என்று பாருங்கள். செல்வச் செழிப்பில் வளர்ந்தவர். தாமே தேடி வந்து ஈமான் கொண்டவர். அதற்காகப் பெற்ற தாயாலேயே அடைத்து வைக்கப்பட்டவர். அபிசீனியாவுக்கு நாடு துறந்து சென்றவர். குடும்பம் தள்ளிவிட்டு அவர் போகவில்லை. குடும்பத்தின் எதிர்ப்பைத் தாங்கியே போனார். யத்ரிபில் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கி, அம்மக்களோடு மக்களாய் வாழ்ந்தார். அனுப்பிய அண்ணலோ நபித்துவம் பெறுமுன் நாற்பதாண்டு மக்கா நகர மக்களிடையே வாழ்ந்து ‘அல் அமீன்’ எனப் பெயர் பெற்றவர்கள். நம்பிக்கைக்குரியவர் என்னும் அப்பெயர் முதலில் வந்தது. அழைப்பு பின்னர் வந்தது.

தப்லீக் ஜமாஅத்தைச் சுட்டி, நாமும் இதைத்தானே செய்கிறோம் என்பாரும் உளர். கைச்செலவில் மூன்று நாள், நாற்பது நாள், நான்கு மாதம் எனப் புறப்படும் வழக்கம் அங்குண்டு. ஆயினும் புறப்படுகிறவரின் சீர்திருத்தமே முதல் நோக்கம் என்று மௌலானா இல்யாஸ் (ரஹ்) அவர்கள் வெளிப்படையாகவே கூறினார்கள். செல்வதும் பெரும்பாலும் முஸ்லிம்களிடமே. அவ்வெளிப்படைத் தன்மையை மதிக்கிறோம். எனினும், அங்கும் பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமல் பெயர் கொடுத்துவிடும் தந்தையர் இருப்பின், இக்கட்டுரை அவர்களுக்கும் உரியதே.

மார்க்கம் பரவிய வழியை நம் முன்னோரிடமே காணலாம். ஜப்பானின் கோபே நகரப் பள்ளிவாசல் 1935இல் எழுந்தது. அங்கு வாழ்ந்த இந்திய வணிகரும் தாத்தாரியரும் கூடி எழுப்பியது. 1945இன் குண்டுவீச்சிலும் 1995இன் நிலநடுக்கத்திலும் அது நிலைத்து நின்றது. அவ்வணிகர் கடை வைத்தனர், அண்டை அயலாரோடு வாழ்ந்தனர், தொழுதனர். மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ்வை எண்ணுங்கள். அரபு, தமிழ்க் குருதி கலந்தவர், தமிழும் கற்றவர், பின்னாளில் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பட்டவர். கிறிஸ்தவ மிஷனரிமாருக்கு மலாய் பயிற்றினார்; அவர்தம் வேத மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றார். நாள்தோறும் அவர்களோடு பழகியும் தம் ஈமானில் உறுதியாய் வாழ்ந்தார். பிறர் கூறுவதைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். கேட்டதால் அவருடைய மார்க்கம் குறைந்துவிடவில்லை. தோழனைக் காவல் வைத்துக் காக்க வேண்டிய நம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள தொலைவை ஏங்குவோர் அளந்து பார்க்கட்டும்.

எனவே நம் முடிவு இது. தம் செலவில் செல்வதையும், பிறர் மொழியைக் கற்பதையும், காலந்தவறாமையையும் அவர்களிடமிருந்து கூச்சமின்றிக் கற்றுக்கொள்வோம். எண்ணிக்கையையும், கண்காணிப்பையும், பிள்ளையின் தயக்கத்தை ஊர்ப் பழிக்கு அஞ்ச வைத்து அடக்குவதையும் அவர்களிடமே விட்டுவிடுவோம். நம் இளைஞன் பதினெட்டு வயதில் கேட்கும் ஐயங்களுக்கு வீட்டிலும் மதரஸாவிலும் பொறுமையாக விடை சொல்வோம்; விடை தெரியாவிடில் சேர்ந்து தேடுவோம். அவ்வாறு வளர்ந்தவன் அழைப்புப் பணிக்குப் போக விரும்பினால், அவன் நிய்யத்தோடு அவனே போவான்.

அந்த வெள்ளைச் சட்டை இளைஞன் என்றேனும் நம்மவர் ஒருவரின் வாசலுக்கு வந்தால், அவனை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். வாதம் அப்புறம் இருக்கட்டும். தாயோடு பேசி எத்தனை நாளாயிற்று என்று முதலில் கேளுங்கள்.