தொள்ளாயிரம் பவுண்ஸ் வள்ளத்துக்குக் காப்புறுதி

"அண்ணை, வள்ளம் வாங்கினதே தொள்ளாயிரம் பவுண்ஸ். இவங்கள் வருசத்துக்கு முந்நூற்றைம்பது கேக்கிறாங்கள். அதுக்கு மேல சர்வே ரிப்போட்டும் வேணுமாம். இதென்ன கணக்கு?"

வல்வெட்டித்துறை வேர்கொண்ட ஓர் இளைஞன், இங்கிலாந்தின் தென்கரையில் பழைய பாய்வள்ளம் ஒன்றை வாங்கிவிட்டு என்னிடம் கேட்டது இது. 22 அடி நீளம், எழுபதுகளில் வார்த்த பைபர் கிளாஸ் உடல். இப்படியான வள்ளங்கள் இங்கே ஒரு நல்ல கைபேசியின் விலைக்குக் கிடைக்கின்றன. எங்கள் பிள்ளைகள் மறுபடி பாய் விரிக்கப் பழகுவது எனக்குப் பெரிய சந்தோசம். காப்புறுதிக் கணக்கைப் பார்த்துப் பயந்து அவர்கள் விட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அவனுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

காருக்குப்போலக் கடலில் ஓடும் தனியார் வள்ளத்துக்குக் காப்புறுதி இருந்தே தீரவேண்டும் என்று பிரித்தானியச் சட்டம் சொல்லவில்லை. கேட்பவர்கள் மரீனாக்காரர்களும் பாய்வள்ளக் கழகங்களும்தான். பிறருக்கு வரும் சேதத்துக்கு இரண்டு, மூன்று மில்லியன் பவுண்ஸ் வரை பொறுப்பேற்கும் பத்திரத்தைக் காட்டினால்தான் கட்ட இடம் தருவார்கள். தம்பி அதற்கும் வழி யோசித்திருந்தான்: ஆற்றுவாயில் மிதவை ஒன்றில் கட்டிவிட்டால் கேட்க ஆளில்லையாம். "எங்கட ஆக்கள் அன்னபூரணியை அமெரிக்காவரைக்கும் ஓட்டினவை, அண்ணை" என்றும் சொன்னான். உண்மைதான். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் வள்ளங்கள் பெரும்பாலும் ஓட்டும்போது கெடுவதில்லை. கட்டிவைத்திருக்கும்போது, சொந்தக்காரன் வீட்டில் நித்திரையாக இருக்கும்போதுதான் கெடுகின்றன.

ஒரு ஒக்ரோபர் இரவு, தென்மேல் காற்று. மிதவைச் சங்கிலியின் தேய்ந்த கொளுக்கி விடுகிறது. இவனுடைய தொள்ளாயிரம் பவுண்ஸ் வள்ளம் போய் இரண்டு லட்சம் பவுண்ஸ் வள்ளத்தின் விலாவில் இடித்து இடித்து நிற்கிறது. அல்லது மண்திட்டில் ஏறிச் சரிந்து, அடுத்த பெருக்கில் நீர் நிறைந்து தாழ்கிறது. பைபர் கிளாஸ் உக்காது. மரவள்ளம் என்றால் புழு தின்று சேற்றோடு போய்விடும். இது ஐம்பது வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும். கப்பல் பாதைக்கு இடைஞ்சல் என்றால், துறைமுக அதிகாரி அதைத் தூக்கி அகற்றிச் செலவைச் சொந்தக்காரரிடம் அறவிடச் சட்டம் இடம்கொடுக்கிறது. சுழியோடி, கிரேன் பூட்டிய படகு, லொறி, கடைசியில் குப்பைக் கட்டணம். வள்ளத்தின் விலையைப்போலப் பல மடங்கு அங்கேயே போய்விடும்.

ஆகவே தம்பி காப்பாற்ற வேண்டியது வள்ளத்தை அல்ல. அது தொலைந்தால் ஒரு கோடைகாலம் கவலைப்படுவான், பிறகு இன்னொன்று வாங்குவான். பிறருடைய சேதம், ஆளுக்கு வரும் காயம், தாழ்ந்த வள்ளத்தை அகற்றும் செலவு ஆகியவைதான் ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடியவை. அதற்கு மட்டுமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, சிறு பாய்வள்ளங்களுக்கு வருடம் நூறு பவுண்ஸ் அளவில் கிடைக்கிறது. பெரும்பாலும் சர்வேயும் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: தாழ்ந்த வள்ளத்தை அகற்றும் செலவு இதில் அடங்குமா, எந்தத் தொகைவரை? மலிவான பத்திரங்கள் சிலவற்றில் அந்த வரியே இருக்காது.

வள்ளத்தின் பெறுமதி பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறினால் முழுக் காப்புறுதிதான் எடுக்கவேண்டும். அங்கேயும் பிரிமியத்தைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. ஒக்ரோபர் முதல் மார்ச் வரை வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைப்பதாக ஒப்புக்கொண்டால் தொகை இறங்கும். ஒப்புக்கொண்டால் அந்தத் திகதிக்குள் ஏற்றியே ஆகவேண்டும். ஒவ்வொரு சேதத்திலும் நாங்களே முதலில் ஏற்கும் தொகையைக் கூட்டலாம். பிஸ்கே விரிகுடாவைத் தாண்டுகிற எண்ணம் இல்லையென்றால் உள்ளூர்க் கடலோடு எல்லையை நிறுத்தலாம். முழுநட்டம் வந்தால் தருவது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையா, அன்றைய சந்தை விலையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்து வயது தாண்டியிருந்தால், பாய்மரம் முறிந்தபின் தரும் காசில் பெரிய வெட்டு விழலாம்.

சர்வேயை வீண்செலவு என்று நினைக்கவேண்டாம். நல்ல சர்வேயர் ஒருவர் வேலை செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சின்னச் சுத்தியலால் உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்ட ஓசை ஓரிடத்தில் மந்தமானதும் அங்கே சோக்கால் வட்டம் போட்டார். பிறகு உள்ளே குனிந்து, கடல்நீர் வரும் பித்தளை வால்வைச் சுரண்டிக் காட்டினார். மஞ்சளாக இருக்கவேண்டிய இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. உப்பு நீர் நாகத்தைத் தின்றுவிட்டது. மிஞ்சியது கடற்பஞ்சுபோன்ற செம்பு. கையால் திருகினாலே ஒடியும். அது ஒடிந்தால் வள்ளம் கட்டின இடத்திலேயே தாழும், கம்பனி "தேய்மானம்" என்று சொல்லிக் கைவிரிக்கவும் கூடும்.

விலை இப்படி ஏறியதற்குத் தம்பியின் வள்ளம் காரணமல்ல. 2017இல் இர்மா, மரியா என்ற சூறாவளிகள் கரீபியன் தீவுகளின் மரீனாக்களைத் துவைத்தெடுத்தன. அடுத்த வருடம் லண்டன் லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை நட்டம் தரும் பிரிவுகளைத் திருத்தச் சொன்னபோது உல்லாசப் படகுப் பிரிவும் அதில் அகப்பட்டது. பலர் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டார்கள். விற்க ஆட்கள் குறைந்தால் விலை ஏறும்.

விண்ணப்பத்தில் ஓட்டுநர் அனுபவத்தைக் கூட்டியும் பழைய சேதங்களை மறைத்தும் எழுதினால் மலிவாகும் என்று சிலர் புத்தி சொல்வார்கள். கேட்காதீர்கள். 1906ஆம் ஆண்டுக் கடல் காப்புறுதிச் சட்டத்தின் கீழ், நிபந்தனை ஒன்றை மீறினாலே, சேதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லாவிட்டாலும், கம்பனி விலகிவிட முடிந்தது. 2012, 2015 சட்டங்கள் அந்தக் கொடுமையைத் தளர்த்தி எங்களைப்போன்ற சாதாரண ஆட்களுக்கு நியாயம் செய்திருக்கின்றன. ஆனால் தெரிந்தே சொன்ன பொய்க்கு இன்றைக்கும் பாதுகாப்பில்லை.

தம்பி மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எடுத்தான். முதல் கம்பனியின் பத்திரத்தில் வள்ளத்தை அகற்றும் செலவு இல்லை என்று தெரிந்ததும் தரகர் ஒருவரைப் பிடித்து, அது அடங்கிய வேறொன்றைக் கொஞ்சம் கூடுதல் காசுக்கு வாங்கினான். மிச்சம் பிடித்ததில் மிதவைச் சங்கிலியும் கொளுக்கியும் புதிதாக மாற்றுகிறான். பித்தளை வால்வுகளுக்குப் பதிலாக வெண்கலம் போட வசந்தத்தில் வள்ளத்தைக் கரையேற்றுவதாகச் சொல்லியிருக்கிறான்.