கை மறந்தால் சொல் மறையும்!

சித்திரை பிறந்ததும் பள்ளிக் கதவுகள் அடைபடுகின்றன. வணிகக் கதவுகள் திறந்துகொள்கின்றன. காஞ்சியிலும் செங்கற்பட்டிலும் சென்னையிலும் ‘சம்மர் கேம்ப்’ என்னும் பலகைகள் தொங்குகின்றன. ஐந்து அகவைக் குழந்தையும் தன் கையால் கட்டலாம், பூட்டலாம், புதியன செய்யலாம் என்று அவை அழைக்கின்றன. பெற்றோர் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிப் பிள்ளைகளை உள்ளே அனுப்புகின்றனர். உள்ளே நெகிழிக் கட்டைகளை அடுக்குகிறார்கள். அட்டையை வெட்டி ஒட்டுகிறார்கள். கற்பிப்போர் வாயில் வருவனவோ ‘பிளாக்’, ‘வீல்’, ‘டவர்’! கட்டை, உருளை, கோபுரம் என்னும் சொற்கள் அக்கூடத்தின் வாயிலில் செருப்போடு கழற்றி விடப்பெறுகின்றன.

குழந்தை கையால் செய்து கற்பது தீதோ? அதனினும் சிறந்த கல்வி இல்லை. அக்கல்வியை அயலாரிடம் விலைக்கு வாங்குவதும், வாங்கும்போது தாய்மொழியை வாயிற்படியில் விட்டுச் செல்வதுமே தீது.

அந்நெகிழிக் கட்டைகளுள் பெயர்பெற்ற ‘இலெகோ’வின் வரலாற்றை அறிந்தால் தமிழ்ப் பெற்றோர் நாணுவர். தென்மார்க்கு நாட்டில் பில்லுண்டு என்னும் சிற்றூரில், ஓலே கிர்க் கிறித்தியன்சன் என்னும் தச்சர் 1932-இல் மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 1934-இல் தம் தொழிற்கூடத்திற்குப் பெயர் தேடியபோது அவர் ஆங்கிலத்திடம் கையேந்தவில்லை. ‘நன்றாக விளையாடு’ எனப் பொருள்படும் தம் தாய்மொழித் தொடரைச் சுருக்கி ‘இலெகோ’ என்றார். இன்று உலகெங்கும் விற்கும் பூட்டுக்கட்டை 1958-இல் உருப்பெற்றது; பெயர் மாறவில்லை. அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 60 இலக்கம் பேரே. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழர் 6.9 கோடிப் பேர்! 60 இலக்கம் பேரின் சொல் உலகை ஆள்கிறது, 6.9 கோடிப் பேரின் சொல் தன் தெருவிலேயே பலகை ஏறவில்லை.

செருமானியராகிய பிரோபெல் 1837-இல் சிறு குழந்தைகட்கு மர உருண்டையும் கட்டையும் தந்து கற்பிக்கும் நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘குழந்தைத் தோட்டம்’ எனத் தம் மொழியிலேயே பெயரிட்டார். அச்செருமானியச் சொல்லின் ஆங்கில எழுத்துச் சுருக்கமே இன்று தமிழ்த் தாய்மார் நாவில் ‘கே.ஜி.’ என உழல்கிறது. அவர்கள் தம் மொழியில் செய்தார்கள். தம் மொழியில் பெயரிட்டார்கள். தமிழர்தாம் இரண்டையும் இரவல் வாங்குகின்றனர்.

இரவல் வாங்கும் அளவுக்குத் தமிழர் வறியரா? காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியை நோக்குக. திரையனேரி என்பதே தென்னேரி என மருவிற்று என்றும், தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அது அமைந்தது என்றும் அறிஞர் கூறுவர். அவ்விளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும் வண்ணம் செய்யப்பெற்ற விளையாட்டுத் தேரை உருட்டி நடைபயிலும் குழந்தைகள் அந்நூலில் வருகின்றனர். அப்புலவரே பாடிய பட்டினப்பாலையில் மூன்று உருளை பூட்டிய சிறுதேர் ஓடுகிறது. மணலில் சிற்றில் இழைப்பதும் வண்டலில் பாவை செய்வதும் பெண்பிள்ளைகளின் விளையாட்டென்று பழந்தமிழ் நூல்கள் காட்டும். சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் பிள்ளைத்தமிழின் பருவங்களாகவே அமைந்தன. செய்து விளையாடுவதை இலக்கியமாக்கிய இனம், அதனைக் கட்டணம் கட்டிக் கற்கும் நிலைக்கு இறங்கியது என்னே இழிவு!

தென்னேரி போன்ற ஏரிகள் தாமே தோன்றியவை அல்ல. மாந்தர் கைகள் கட்டியவை. அதே மாவட்டத்து உத்தரமேரூரில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகள் ‘ஏரி வாரியம்’ எனத் தனிக்குழு ஒன்றையே குறிக்கின்றன. கரை, மதகு, தூம்பு, மடை, கலிங்கு ஆகிய சொற்களெல்லாம் ஏரியைக் கட்டிய கைகள் ஈன்ற சொற்கள். வாய்ச்சி, இழைப்புளி, துறப்பணம் ஆகியவை தச்சர் பட்டறை ஈன்றவை. அகரமுதலியில் அச்சேற்றிவிட்டால் இவை பிழைத்துவிடும் எனத் தமிழன்பர் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பிழையானது. துறப்பணத்தைச் சுழற்றாத கைக்கு அச்சொல் எதற்கு? மண்ணணைத்துக் கரை கட்டாத குழந்தைக்குக் கலிங்கு என்பது தேர்வு முடிந்ததும் உதிரும் வெற்றொலி. கை மறந்த சொல்லை வாய் நெடுநாள் காவாது. தூய தமிழ்ச் சொல்லாக்கம் ஏட்டில் மட்டும் நடந்தால் போதாது என்பதற்கு இதுவே கரணியம்.

இங்கே ஒரு வினா எழும், எழவும் வேண்டும். “இது குலக்கல்வி ஆகாதோ?” 1953-இல் இராசாசி கொணர்ந்த திட்டம், சிற்றூர்க் குழந்தைகளின் பள்ளிப் பொழுதைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் தந்தையின் தொழிலைக் கற்கச் சொன்னது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். 1954-இல் காமராசர் அதனைக் கைவிட்டார். 2023-இல் ஒன்றிய அரசின் ‘விசுவகர்மா’ திட்டம் குடும்பத் தொழில் என்னும் கட்டோடு வந்தபோது, 2024-இல் தமிழக அரசு ஏற்க மறுத்தது. இரண்டு எதிர்ப்புகளும் அறத்தின்பாற் பட்டவை.

ஆனால், குலக்கல்வியின் நஞ்சு கைத்தொழிலில் இல்லை. இன்னார் மகனுக்கு இன்ன தொழில் என வேலியிட்டதில் இருக்கிறது. குயவர் மகன் மட்டும் திகிரியின்முன் அமர்ந்தால் அது குலக்கல்வி. உழவர் மகளும் அலுவலர் மகனும் நிலமற்ற கூலியாளர் மகளும் குயவர் மகனோடு ஒரே திகிரியைச் சூழ்ந்து அமர்ந்தால், அது குலக்கல்விக்குக் கட்டும் கல்லறை. கையில் மண் படுவது இழிவென்னும் எண்ணம் எவர் நெஞ்சில் ஊறியுள்ளதோ, அவர் பிள்ளைகளே முதலில் மண்ணில் அமர வேண்டும். பள்ளிப் பொழுதில் ஒரு மணித்துளியும் குறைக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் பத்து நாள் போதும்.

தென்னேரி போன்ற ஏரிக்கரை ஊர்களில் ஆறு முதல் பத்து அகவைக் குழந்தைகட்குக் ‘கோடைக் கைவினைப் பாசறை’ அமைப்பது அரிய செயலன்று. கோடையில் நீர் சுருங்கி வண்டல் வெளிப்படும். அதைக் கொணர்ந்து மரநிழலில் குவித்தால் போதும். முழ நீளத்தில் கரை கட்டி, மூங்கில் துண்டால் தூம்பு வைத்து, ஒரு குடம் நீரை ஊற்றுக. கலிங்கு வைக்காத குழந்தையின் கரையை நீர் மேலேறி வழிந்து அரித்து உடைக்கும். ஏன் உடைந்தது என்று குழந்தையே கேட்கும். அறிவியல் அக்கேள்வியிலேயே தொடங்குகிறது. ‘கலிங்கு’ என்னும் சொல்லும் அன்றே அதன் நெஞ்சில் வேரூன்றும். நுங்கெடுத்த பனங்காய்க் கூடு இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவைக்கொம்பால் தள்ளினால் அதுவே வண்டி; உருளையும் அச்சும் அங்கே விளங்கும். பனையோலையில் காற்றாடி, பூவரசிலையில் ஊதல், சோளத்தட்டையில் பொம்மை செய்யலாம். குழந்தைகளை நீர்ப்பகுதிக்கு விடாமல் காப்பது பெரியோர் கடன்.

கற்பிக்க வரும் குயவரும் தச்சரும் கூடை முடைவோரும் அங்கே ‘ஆசிரியர்’ என்றே அழைக்கப்பெற வேண்டும்; உரிய கூலியும் பெற வேண்டும். மாலைதோறும் ஒவ்வொரு குழந்தையும் தான் செய்ததைத் தன் சொல்லால் விளக்க வேண்டும். அன்று கையாண்ட சொற்களை ஏட்டில் எழுத வேண்டும். கலிங்கு என்றும் கலங்கல் என்றும் மறுகால் என்றும் வட்டாரத்திற்கேற்ப வழங்கும் சொற்கள் அவ்வேட்டில் சேரட்டும்.

தமிழன்பர்காள்! ‘சம்மர் கேம்ப்’ பலகைக்குத் தார் பூசினால் ஒருநாள் மகிழ்ச்சி. அப்பலகை நாடும் குழந்தைக்கு மாற்று தருவதே நிலைத்த பணி. வரும் சித்திரைக்குள் ஊருக்குப் பத்துக் குழந்தைகளைத் திரட்டுக. கைத்தொழிலாளர் ஒருவரையேனும் ஆசிரியராக அழைத்து வருக. மண் இருக்கிறது, ஓலை இருக்கிறது, சொல் இருக்கிறது. இன்றே தொடங்குக!