நான்காம் படிவமும் ஒரு துத்தநாக விரலும்

நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை செய்யும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2016 முதல் நடத்தி வருகிறது. கட்டணம் இல்லை, பெற்றோர் கையொப்பம் மட்டும் வேண்டும். "நம் குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லையே, பிள்ளைக்கு எதற்கு ஊசி?" என்று கையொப்பமிடத் தயங்குவோர் கிள்ளான் வட்டாரத்திலும் உண்டு. அவர்களுக்கான பதில் அறிவியலில் இருக்கிறது. அதை வகுப்பில் சொல்லித் தராமல் பாரத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்புவது போதாது என்பது என் கருத்து.

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தனி வகை ஹீமோகுளோபின் உண்டு. தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பெற அது உதவுகிறது. பிறந்த சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களுக்குரிய ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வருகிறது. பழையதை அடக்கி வைக்கும் முக்கியப் புரதத்தின் பெயர் பிசிஎல்11ஏ.

இது 'துத்தநாக விரல்' வகைப் புரதம். சுமார் 30 அமினோ அமிலங்கள் ஒரு துத்தநாக அயனியைப் பற்றிக்கொண்டு விரல்போல மடிகின்றன. அந்த விரல் டிஎன்ஏவில் உரிய இடத்தைப் பிடித்து மரபணுவை இயக்கும் அல்லது அடக்கும். தவளையின் முட்டைச் செல்லில் உள்ள ஒரு புரதத்தை ஆராய்ந்து, 1985இல் இதைச் சொன்னவர்கள் கேம்பிரிட்ஜின் ஆரோன் குளுக் குழுவினர். கை, கால், இதயம் உருவாவதிலும் இவ்வகைப் புரதங்களுக்குப் பங்குண்டு. இதற்காகத் துத்தநாக மாத்திரை விழுங்கினால் தலசீமியா தீராது. கோளாறு இருப்பது மரபணுவில்.

பீட்டா தலசீமியாவில் பழுதாகியிருப்பது பெரியவர்களுக்குரிய ஹீமோகுளோபினின் மரபணு. அதனால்தான் நலமாகப் பிறந்த குழந்தை, மாற்றம் நடக்கும் மாதங்களில் வெளிறிப்போகிறது. கடுமையான நோயென்றால் ஆயுள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும். பழுதான மரபணு ஒன்றை மட்டும் கொண்டவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். பரிசோதிக்காமல் அவருக்கே தெரியாது. அப்படி இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மலாயா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற ஸ்வீ லே தெயினும் அமெரிக்காவின் ஸ்டுவர்ட் ஆர்கினும் இந்த ஹீமோகுளோபின் மாற்றத்தை விளக்கியதற்காக 2024இல் ஷா பரிசு பெற்றனர். பிசிஎல்11ஏவை இரத்த அணுக்களில் அடக்கும் மரபணுச் சிகிச்சையை 2023இல் பிரிட்டன் அனுமதித்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் கைக்கு எட்டுவது பரிசோதனைதான்.

மகளுக்கு வரன் அமையாதே என்ற அச்சமும் சில வீடுகளில் இருக்கிறது. பரிசோதனை திருமணத்தைத் தடுப்பதில்லை. இருவரும் மருத்துவரிடம் கலந்துபேசி முடிவெடுக்க வழி தருகிறது. ஆசிரியர்களே, பாரம் வீட்டுக்குப் போகும் முன் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பெற்றோரே, படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்.